மூன்றாம் இரவு

எங்கள் வீட்டில் அம்மாவின் குறட்டையைப் பற்றி வெளியாட்கள் முன்னால் யாரும் பேச மாட்டோம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் அம்மா. கல்யாண மண்டபங்களில் பெண்கள் எல்லோரும் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுத்திருக்க, அவர் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே ராத்திரியைக் கழிப்பார். கேட்டால், "புது இடம், தூக்கம் வராது" என்பார். பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானல் போனபோது, மாணவிகளுக்குக் காவலாக விடிய விடிய விழித்திருந்த டீச்சர் என்று பெயர் வாங்கினார். காரணம் அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். ஆண் குறட்டை விட்டால் உறவுக்காரர்கள் சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். பெண் விட்டால் அதை அவள் கடைசிவரை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொள்கிறாள்.

அப்பா இருந்தவரை அவர் கைதான் அம்மாவுக்கு வைத்தியம். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அடங்கும். அடங்கிய அந்தக் கணத்தில் அப்பாவுக்கு விழிப்பு வந்துவிடும். தோளைத் தட்டி, "ஒருக்களிச்சுப் படு" என்பார். அம்மா பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுப்பார். காலையில் இருவருக்கும் அது பேச்சே இல்லை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும், ஒருக்களித்தால் வழி திறக்கும் என்பதெல்லாம் அப்பா படித்துத் தெரிந்துகொண்டதல்ல. அவர் புற்றுநோயில் இறந்த பிறகு அம்மாவின் தோளைத் தட்ட யாரும் இல்லை.

ஒரு முறை அத்தை வந்து சில நாள் தங்கியிருந்தார். அம்மாவோடு ஒரே அறையில் படுத்தவர், காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "உங்கம்மா குறட்டையைச் சொல்லலம்மா. அது இருக்கட்டும். நடுவுல நின்னுபோகுது பாரு, அதான் எனக்கு வயித்தைக் கலக்குது. எழுப்பலாமான்னு கையைக் கொண்டுபோனேன், அதுக்குள்ள திணறிட்டு மூச்சு வந்துருச்சு."

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து படியிறங்க முடியாமல் போனபோது, மதுரையில் ஒரு மருத்துவமனையில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் மயக்க டாக்டரிடம் 'ஃபிட்னஸ்' வாங்க வேண்டும். குடும்பங்கள் இதை ஒரு கையெழுத்து வேலையாகத்தான் நினைக்கின்றன. ஈசிஜி, எக்கோ, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தால் முடிந்தது என்றுதான் நாங்களும் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, நைட்டு குறட்டை விடுவீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"யாரும் சொன்னதில்ல."

இந்த இரண்டாவது பதில் பொய்யில்லை. அத்தை சொன்னது என்னிடம். அப்பா தட்டி எழுப்பியதோடு சரி. கணவரை இழந்து தனி அறையில் தூங்கும் ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? மூச்சு நிற்பதைப் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். முழங்கால் மாற்றிக்கொள்ள வரும் நம் ஊர்த் தாய்மார்களில் எத்தனையோ பேருக்கு அந்த ஆள் இல்லை. நோய் இல்லை என்று எழுதப்படுவதற்கு இதுவே போதும்.

நான் குறுக்கே பேசினேன். குறட்டை உண்டு, கதவைச் சாத்தினாலும் கேட்கும், மூச்சு நிற்பதை அத்தை பார்த்திருக்கிறார், சாயங்காலம் டிவி சீரியல் ஓடும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார், காலையில் தலைவலியோடு எழுந்திருப்பார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் மேஜை டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து அம்மாவின் கழுத்தைச் சுற்றி அளந்தார். 41 சென்டிமீட்டர்.

அவர் பயன்படுத்தியது 'ஸ்டாப்-பேங்' என்ற எட்டுக் கேள்விப் பட்டியல். கனடாவின் டொரோண்டோவில் மயக்கவியல் மருத்துவரான ஃபிரான்சிஸ் சங் தம் குழுவினரோடு உருவாக்கி 2008-ல் வெளியிட்டது. குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாரேனும் பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் எடை, 50-க்கு மேற்பட்ட வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்து, ஆணா என்பது. ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் ஒரு மதிப்பெண். 5 அல்லது அதற்கு மேல் போனால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோய் மிதமாகவோ கடுமையாகவோ இருக்க நிறைய வாய்ப்பு. அம்மாவின் வாயிலிருந்து வந்த பதில்களை மட்டும் வைத்தால் அவருக்கு 3. நான் சொன்னதையும் சேர்த்தால் 6. இடையில் இருந்த அந்த மூன்று மதிப்பெண்ணும் வீட்டில் கூட இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள்.

ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்து, ஒரு சிறிய கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள். மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். வீட்டில் படுத்துத் தூங்கினால் அது பதிந்துகொள்ளும். வந்த கணக்கில், மணிக்கு 38 தடவை அம்மாவின் மூச்சு நின்றிருந்தது அல்லது வெகுவாகக் குறைந்திருந்தது. மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமை. ஒரு கட்டத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 76-க்கு இறங்கியிருந்தது. கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தோமே, அந்த அளவுதான். எத்தனை வருடமாக ராத்திரிதோறும் இப்படி இறங்கி ஏறிக்கொண்டிருந்ததோ என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்.

நாக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைப் பகுதியைத் திறந்து வைக்க எலும்போ குருத்தெலும்போ கிடையாது. தசைகள்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன. இளநீர்க் கடையில் இப்போது தரும் காகிதக் குழல், நனைந்த பிறகு வேகமாக உறிஞ்சினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களின் தொண்டை அப்படி ஒட்டிக்கொள்கிறது. மார்பு இழுக்கிறது, காற்று போவதில்லை. ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உணர்ந்து மூளை ஒரு சில வினாடிகள் விழித்துக்கொள்கிறது. தசைகள் இறுகித் தொண்டை திறக்கிறது. அத்தை பார்த்த திணறல் அதுதான். காலையில் அந்த விழிப்பு எதுவும் நினைவில் இருக்காது. உயிரைக் காப்பது அந்த விழிப்புத்தான்.

டாக்டர் அன்றைக்கு எனக்குச் சொன்னதில் முக்கியமானது இதற்கு அடுத்தது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், ப்யூப்ரெனார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்துகின்றன. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் சிறு நரம்புக் கூட்டம் ஒன்று முகுளத்தில் இருப்பதை 1991-ல் கண்டறிந்தார்கள். இந்த மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கேயும் உண்டு. அதனால் மூச்சின் எண்ணிக்கையே குறைகிறது. கரியமில வாயு ஏறினாலும் மூளைக்குச் சுருக்கென்று உறைப்பதில்லை. ஆகவே அந்த விழிப்பு தாமதமாகிறது, சில சமயம் வராமலே போகிறது. "நல்ல தூக்கத்துல இருக்கிற மாதிரிதான் வெளியே தெரியும். அதனாலதான் பயப்படுறோம்" என்றார்.

இதைக் கேட்டு நான் ஓபியாய்டு மருந்துகளை வெறுத்துவிடவில்லை. அப்பாவின் கடைசி மாதங்களில் மார்ஃபின் மாத்திரைதான் அவரை எங்களோடு உட்கார்ந்து பேச வைத்தது. அதற்கு முந்தைய வாரங்களில் அவர் பட்ட வேதனையை நான் கண்ணால் பார்த்தவள். 1985-ன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால் இந்த நாட்டில் எத்தனையோ புற்றுநோயாளிகள் மார்ஃபின் கிடைக்காமலே வலியோடு செத்துப்போனார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். வலி தீர்க்கும் மருந்து ஒரு கொடை. யாருக்கு, எவ்வளவு, பக்கத்தில் யார் விழித்திருக்க என்ற கேள்விகளோடு கொடுக்க வேண்டிய கொடை.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் சிபாப் கருவியைப் பழக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூக்கின் மேல் முகமூடி மாட்டி, மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் கருவி. அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து வைக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் ஐந்து நோயாளிகளிடம் இது வேலை செய்வதை 1981-ல் எழுதிக் காட்டினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் ஓட்டை போடுவதுதான் வழியாக இருந்தது. அம்மா முதலில் மாட்டவே மறுத்தார். "ஐசியுல கெடக்குற மாதிரி இருக்கு" என்றார். பேத்தி வந்து பக்கத்தில் படுத்து, தானும் ஒரு முறை மாட்டிக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். பழகிய பின் காலைத் தலைவலி போய்விட்டது. சாயங்காலம் உட்கார்ந்தபடி தூங்கிவிழுவது குறைந்தது. ஒரு நாள் அவராகவே, "இத அப்பா இருக்கும்போதே வாங்கியிருக்கலாம், அவரும் தூங்கியிருப்பாரு" என்றார்.

முழு மயக்கம் வேண்டாம் என்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் இடுப்புவலி என்று தெருவில் எல்லோரும் சொல்லியிருந்ததால் அம்மா தயங்கினார். இந்த நோய்க்கு அதுதான் பாதுகாப்பு என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தொடையில் நரம்பைச் சுற்றியும் மரத்துப்போகும் மருந்து செலுத்தினார்கள். முதல் ராத்திரி மானிட்டர் உள்ள அறையில், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில், வீட்டிலிருந்து கொண்டுபோன சிபாப் கருவியோடு அம்மா படுத்திருந்தார். எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டாம் நாள் சாதாரண அறைக்கு மாற்றினார்கள். ஆபத்தான கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தொடையில் போட்ட மருந்து விட்டதும் வலி வந்தது. முழங்காலை மடக்கச் சொல்லி ஃபிசியோதெரபிஸ்ட் வந்தபோது அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். இரண்டு ராத்திரி சரியான தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அறைக்கு வந்த டூட்டி டாக்டரிடம், "தூங்குறதுக்கு ஏதாவது குடுங்க தம்பி" என்று கெஞ்சினார். அவர் இரக்கத்தோடுதான் எழுதினார். டிரிப்ஸில் டிரமடால் ஊசி, தூக்கத்துக்கு ஒரு அல்ப்ரஸோலம். நரம்பு வலிக்கென்று ஏற்கெனவே ராத்திரியில் பிரெகாபலின் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் அன்று சாயங்காலம் மேல்கையில் ஒட்டிய ப்யூப்ரெனார்ஃபின் பட்டையும் அப்படியே இருந்தது. டிரமடால் ஏறியதும் அம்மாவுக்குக் குமட்டல். வாந்தி வந்துவிடுமோ என்று முகமூடியைக் கழற்றிவிட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். வலி தணிந்தது. அம்மா தூங்கினார்.

இரண்டு மணி இருக்கும். அட்டெண்டர் கட்டிலில் படுத்திருந்த எனக்கு விழிப்பு வந்தது. அறையில் குறட்டை இல்லை. விரலில் மாட்டியிருந்த கருவி 96 என்று காட்டியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. ஆனால் மார்பு எழவில்லை. காத்திருந்தேன். ஒரு நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு மூச்சு வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். ஏழு. பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12-லிருந்து 20 வரை இருக்க வேண்டும். "அம்மா, அம்மா" என்று உலுக்கினேன். கண்ணைப் பாதி திறந்து, பதில் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டி வந்தேன். அவர் கருவியைப் பார்த்துவிட்டு, "சாச்சுரேஷன் நல்லா இருக்கேக்கா, வலி கொறஞ்சு தூங்குறாங்க" என்றார். "மூச்சை எண்ணிப் பாருங்க சிஸ்டர், ஒரே ஒரு நிமிஷம்" என்றேன். அந்தப் பெண் வாதாடவில்லை. அம்மாவின் வயிற்றில் கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முழு நிமிஷம் முடிவதற்குள் போனை எடுத்துவிட்டார். அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். கருவியை விட்டுவிட்டு ஒரு மனுஷியின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாரே, அதற்காக.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு சிபாப் முகமூடியை மாட்டினார்கள். மேல்கையிலிருந்த பட்டையை உரித்து எடுத்தார்கள். மணிக்கட்டின் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கரியமில வாயுவின் அளவு 68. அது 35-லிருந்து 45 வரை இருக்க வேண்டும். ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். பட்டையை எடுத்தாலும் தோலுக்குள் இறங்கிய மருந்து பல மணி நேரம் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும் என்பதால் அடுத்த நாள் முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். விடியும்போது அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

96 என்ற எண் ஏன் எங்களை ஏமாற்றியது என்பதை மறுநாள் மயக்க டாக்டர் வந்து விளக்கினார். அவர் முகம் வாடியிருந்தது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே ஸ்லீப் ஆப்னியா என்று அவர் எழுதி வைத்திருந்தார். ராத்திரி மருந்து எழுதப்பட்டது வேறொரு தாளில். விரல் கருவி ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. மூக்கில் கூடுதல் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு குறைந்த பிறகும் வெகு நேரம் அந்த எண் இறங்காது. வெளியேற வேண்டிய கரியமில வாயு உள்ளே தேங்கிக்கொண்டிருக்கும். அதைக் கருவி பார்ப்பதில்லை. மூச்சுக்காற்றில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் என்ற கருவி ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. சாதாரண வார்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே இருப்பது கூட இருப்பவரின் கண்ணும் காதும்தான்.

ஏன் மூன்றாம் இரவு என்று கேட்டேன். ஆபரேஷன் முடிந்த முதல் ஓரிரு இரவுகளில் வலியும் மருந்தும் மருத்துவமனைச் சத்தமும் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகின்றன. கனவு வரும் கட்டம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. இழந்த அந்தத் தூக்கத்தை உடல் பிறகு வட்டியோடு எடுத்துக்கொள்கிறது. கனவுத் தூக்கத்தில்தான் உடம்பின் தசைகள் மிக அதிகமாகத் தளர்கின்றன. மூச்சுத்தடை நீளுவதும் அப்போதுதான். அதே ஃபிரான்சிஸ் சங் குழுவினர் நோயாளிகளை ஆபரேஷனுக்கு முன்னும், பின்னால் ஒரு வாரம் வரையிலும் இரவில் அளந்து பார்த்து, மூச்சு நிற்பது மூன்றாம் இரவில் உச்சத்துக்குப் போவதை 2014-ல் வெளியிட்டார்கள். நம் வார்டுகளில் மானிட்டரைக் கழற்றிவிட்டு நோயாளியைத் தனி அறைக்கு அனுப்புவதோ அதற்கு முன்பே.

அம்மாவுக்கு ஒட்டிய பட்டையும் அதே இரவுக்குத்தான் வந்து சேர்ந்தது. ஏழு நாளைக்கு ஒரு முறை மாற்றும் அந்தப் பட்டையிலிருந்து மருந்து மெதுவாகத்தான் ஊறுகிறது. ரத்தத்தில் அது முழு அளவை எட்டுவது ஏறக்குறைய மூன்றாம் நாளில். அதன் மேல் டிரமடால், அல்ப்ரஸோலம், பிரெகாபலின். ஒவ்வொன்றும் தனியாக வழக்கமான அளவுதான். ஓபியாய்டையும் அல்ப்ரஸோலம், டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுப்பது மூச்சை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2016-ல் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. பிரெகாபலினும் காபாபென்டினும் வயதானவர்களுக்கும் மூச்சுப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் மூச்சை மந்தமாக்கலாம் என்று 2019 டிசம்பரில் அடுத்த எச்சரிக்கை வந்தது. அந்தப் பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைத்தாலோ, காய்ச்சலில் உடம்பு கொதித்தாலோ மருந்து இன்னும் வேகமாக உள்ளே போகும். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் வழக்கம் உள்ள நம் வீடுகளில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிறகும் அம்மாவுக்கு வலி இருந்தது. அதற்கு மருந்தும் கிடைத்தது. மணி பார்த்துத் தவறாமல் பாராசிட்டமால், சிறுநீரகச் சோதனை செய்து பார்த்துவிட்டு சில நாளைக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை, முழங்காலில் ஐஸ் பை, தொடை நரம்பைச் சுற்றி மறுபடியும் ஒரு முறை மரத்துப்போகும் ஊசி. முகமூடி இல்லாமல் பகல் தூக்கம்கூடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். குமட்டலுக்குத் தனி மருந்து கொடுத்து, முகமூடியை விடாமல் பார்த்துக்கொண்டார்கள். வலி முழுக்க இல்லாமல் போகவில்லை, தாங்கும் அளவுக்கு வந்தது. அந்த அளவே போதும் என்று அம்மா சொன்னார். முழு வலியையும் ஒரே ராத்திரியில் விரட்டப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

குழந்தைகள் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகனுக்கு டான்சில் வீங்கி, தூக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு திணறுவான். அவனுக்கு ஆபரேஷன் என்றதும் நான் முதலில் கேட்டது வலிக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள் என்பதைத்தான். கோடீன் என்ற மருந்து உடலுக்குள் போய் மார்ஃபினாக மாறுகிறது. சில குழந்தைகளுக்கு மரபணு வாகினால் அந்த மாற்றம் மிக வேகமாக நடந்துவிடும். டான்சில் எடுத்த பிறகு அப்படிச் சில குழந்தைகள் இறந்துபோனதால் 2013-ல் அமெரிக்காவில் அதற்குத் தடை எச்சரிக்கை வந்தது. 2017-ல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்றே சொல்லிவிட்டார்கள். அவனுடைய டாக்டர் நான் கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் போதும் என்றார், போதுமாகவே இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. வலி தாங்காத ராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரர், "என்கிட்ட ஒரு தூக்க மாத்திரை இருக்கு" என்று நீட்டுவார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வரலாம் என்று யாராவது சொல்வார்கள். டிரமடால் 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது, சும்மா தரக் கூடாது. தந்தாலும் வாங்காதீர்கள். ஆபரேஷன் ஆன வாரத்தில் மதுவும் வேண்டாம். அதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்தும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், எந்த உறுப்பில் என்றாலும் சரி, முன்கூட்டியே அவரோடு ஒரே அறையில் படுத்து, ராத்திரி அவர் மூச்சைக் கவனியுங்கள். தனியாக இருக்கும் அம்மாவாகவோ பெரியம்மாவாகவோ இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். குறட்டை நடுவில் நின்று திணறலோடு மீண்டும் வருகிறது என்றால், மயக்க டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் அதை மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். வெளிக் கருவியை அனுமதிப்பதில்லை என்றால், பொறுப்பான டாக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் புதிதாக வரும் சிஸ்டரிடமும் டூட்டி டாக்டரிடமும், "இவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தைச் சலிக்காமல் சொல்லுங்கள். ராத்திரி புதிதாக ஒரு மருந்து ஏறினால் அது என்ன என்று கேளுங்கள். ஐந்தாம் இரவு வரையாவது தூக்கத்தில் அவர் மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். பத்துக்குக் கீழே போனாலோ, உலுக்கியும் சரியாக விழிக்காவிட்டாலோ, கருவியில் என்ன எண் இருந்தாலும் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.